தாலந்தும் காணிக்கையும்

கடவுள் மக்களுக்கு அளித்துள்ள ஆற்றல் ஒரு படித்தன்று. ஒருவர் பாட வல்லர். ஒருவர் பேச வல்லர். ஒருவர் கணக்கிற் சிறந்தவர். இவற்றுள் யாதும் தமக்கு நிறைவாக வாய்க்கவில்லை என்று எண்ணும் மாணவர் நம்முட் பலர் உளர். அத்தகையார், "பெருங்கொடை உடையார் ஆண்டவர்க்கு ஊழியஞ் செய்க, நம்பாற் கொடுத்தற்கு என்ன உளது?" என்று ஒதுங்கி நிற்கின்றனர். இவ்வெண்ணம் பணிவு போலத் தோன்றும். அது பணிவுதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்திலுள்ள தாலந்து உவமையை நாம் யாவரும் அறிவோம். தலைவன் ஒருவன் வெளிநாடு செல்லும்பொழுது தன் ஊழியர் மூவர்க்கு முறையே ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகத் தாலந்துகளை ஒப்புவித்தான். இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தாலந்தென்பது சிறு நாணயமன்று. அக்காலத்துக் கூலியாளின் ஒருநாட் கூலி ஒரு தெனாரியம். ஒரு தாலந்தோ ஏறத்தாழ 6,000 தெனாரியம். எனவே, ஒற்றைத் தாலந்து பெற்றவன் கையிலும் ஏறக்குறைய இருபது ஆண்டுக் கூலி இருந்தது. ஐந்தோடு ஒப்புநோக்குதலாலேயே அது நமக்குச் சிறிதாகத் தோன்றுகின்றது. இரண்டாவது, ஐந்தைப் பெருக்கியவனுக்கும் இரண்டைப் பெருக்கியவனுக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றே. மூன்றாமவன் கடியப்பட்டது, அவன் பெற்றது குறைவாயிருந்தமையாலன்று. அச்சத்தால் அதனை நிலத்திற் புதைத்தமையாலாம். ஆதலின், "என்பால் ஒன்றுமில்லை" என்று ஒதுங்குதல் பணிவன்று, அதுவும் அச்சமேயாம்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. மன்னார்புரத்திலிருந்து மலைக்கோட்டைக்குச் செல்வோர், தெப்பக்குளத்திற்கு அணித்தாகக் கிறிஸ்துநாதர் ஆலயத்தைக் காணலாம். 1766-இல் அதனைக் கட்டுவித்தவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மனி நாட்டினராகிய அவர் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் ஊழியம் ஆற்றினார். வீரமாமுனிவரைப் போல் அவர் தமிழிற் காப்பியம் இயற்றினாரல்லர். பப்ரிசியஸ் ஐயரைப் போல் வேதாகமத்தை மொழிபெயர்த்தாரல்லர். பல மொழிகளைப் பொறுமையோடு கற்கும் இயல்பும், சிறுவர்க்குக் கற்பிக்கும் அன்பும், எளிய வாழ்க்கையுமே அவர்பால் இருந்தன. அவற்றையே காணிக்கையாக்கினார்.

1779-இல் சென்னை அரசாங்கத்தார் அவரை ஐதர் அலியிடம் தூதராக அனுப்பினர். ஐதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் அளித்தார். ஐயர் அதனை அரசாங்கத்தாரிடம் ஒப்புவிக்க, அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளுமாறு கூறினர். அவரோ அத்தொகையைத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு முதலாக்கினார்.

அவர் செய்த பிறிதொரு செயலும் உண்டு. பாளையங்கோட்டையிற் கண்ட சிறுவன் ஒருவனைத் தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தார். அச்சிறுவனே, 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்து, பெத்லகேம் குறவஞ்சி முதலியவற்றைப் பாடிய வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் ஒலிக்கின்றன. அவற்றுட் பலவற்றை, 1798-இல் மறைந்த ஆசிரியர் கேட்டிலர். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனும் அவை ஐயாயிரவர்க்கு உணவாகும் என்று முன்னர் அறிந்திரான். கொடுத்தல் நம் செயல். பெருக்குதல் ஆண்டவர் செயல்.

யானும் மேற்கூறிய அச்சத்திற்கு ஆட்பட்டிருந்தேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயின்றும், தளை தட்டாது ஒரு வெண்பா இயற்ற எனக்கு இன்னும் இயலவில்லை, இசையும் அறியேன். எம் தெருவிற் கண்பார்வை மங்கிய மூதாட்டியார் ஒருவர் உளர். ஒருநாள் மாலை அவர் என்னை அழைத்து, சங்கீதம் ஒன்று படித்துக் காட்டுமாறு கேட்டார். சொற்பிரித்து, நிறுத்தி, திருத்தமாகப் படித்தேன். மறுநாட் கல்லூரியினின்று திரும்பியபொழுது அவர் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையிற் காத்திருந்தார். பிழையின்றிப் படித்தலும் ஒரு தாலந்து என்பதை அன்றே உணர்ந்தேன்.

நண்பர்காள்! நும் கையில் இருப்பது யாது என்று நோக்குமின். கணக்கறிந்தார் பின்தங்கிய சிறுவர்க்குக் கற்பிக்கலாம். எழுதவல்லார் எழுத்தறியா முதியோர்க்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். குரல் வாய்த்தார் பாடகர் குழுவிற் சேரலாம். ஒன்றும் வாய்க்காதார் நோயுற்றார் அருகில் அமர்ந்திருக்கலாம். ஆயினும், ஆண்டவர்க்குப் படைப்பதைப் பழுதாகப் படைத்தல் தகாது. நாடோறும் பயின்று அதனைத் திருத்துதலும் காணிக்கையின் பகுதியேயாம். நாம் கல்லூரியிற் கழிக்கும் ஆண்டுகள் அதற்கென அளிக்கப்பட்டவை. அவை கழிந்து கணக்குக் கேட்கப்படும் நாளில், நம் தாலந்து மண்ணிற் கிடவாது பிறர் வாழ்விற் பயன்பட்டிருக்குமாக.