மின்சார கார் பேட்டரி நெடுநாள் உழைக்க: ராதாபுரம் பக்கத்துக்கான குறிப்புகள்

மின்சார காரிலேயே விலை அதிகமான பாகம் அதன் பேட்டரி. 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி. விற்பனைக்கு வந்தபோது பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் கொடுத்தார்கள். ராதாபுரத்திலிருந்து வள்ளியூர், கூடங்குளம், திசையன்விளை என்று ஓடுகிற குடும்பக் கார் அந்தக் கிலோமீட்டரை எட்டவே வெகுகாலம் ஆகும். நம் பக்கத்தில் பேட்டரியை முதலில் தின்பது வெயில். அடுத்தது, முழுக்க சார்ஜ் ஏற்றிச் சும்மா நிறுத்தி வைப்பது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஓட்டும் நேரத்தைவிட, கார் நிற்கும் நேரத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

1. முதல் வேலை நிழல் தேடுவது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஓடிய நிசான் லீஃப் கார்கள், வாங்கி ஓரிரு ஆண்டுகளிலேயே திறன் குறைந்ததாக 2012-ல் பெரிய புகார் எழுந்தது. அந்தக் காரின் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் கிடையாது. இப்போது வரும் பல கார்களில் திரவக் குளிர்விப்பு உண்டு. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனாலும் காரை அணைத்துவிட்டுப் போன பிறகு அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மே மாத மதியத்தில் சுடுகிற தார் மேல் நிற்கும் காருக்கு அடியிலிருந்தும் சூடு ஏறும். வேப்ப மர நிழல் உத்தமம். தகரக் கொட்டகை என்றால் தகரத்துக்குக் கீழே தென்னை ஓலையோ பனை ஓலையோ வேய்ந்து, இரண்டு பக்கமாவது காற்றோட்டம் விடுங்கள். மூடிய தகரக் கொட்டகை வெட்டவெளியைவிட மோசம்.

2. அன்றாட ஓட்டத்துக்கு 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி போய்வருவது மாதிரி நீளமான பயணம் இருந்தால் 100 வரை ஏற்றலாம், தவறில்லை. ஏற்றியதும் கிளம்பிவிட வேண்டும். முந்தின நாளே நிறைத்துவிட்டு மறுநாள் வெயிலில் போட்டு வைப்பதுதான் கெடுதல்.

3. உங்கள் பேட்டரி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையின் அடிப்படைப் பொருளை 1997-ல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜான் குட்இனஃப்பின் ஆய்வுக் குழுவினர். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இரும்பு பாஸ்பேட் வகை சூட்டை ஓரளவு நன்றாகத் தாங்கும். ஆனால் பாதிச் சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்று காரின் கணிப்பு மெல்லத் தடம் மாறும். கையேடு சொல்லும் இடைவெளியில் ஒருமுறை 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும், செல்களும் சமநிலைக்கு வரும். நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகைக்கு இந்த அவசியம் குறைவு; அதை 80-லேயே நிறுத்துவது நல்லது.

4. ஓடி வந்த சூட்டோடு பிளக்கை மாட்ட வேண்டாம். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். இரவு பத்து மணிக்கு மேல் காற்றும் குளிர்ந்திருக்கும். 30 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியை 3.3 கிலோவாட் வீட்டுச் சார்ஜரில் 20-லிருந்து 80-க்கு ஏற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். காரிலோ செயலியிலோ நேரம் குறிக்கும் வசதி இருந்தால், காலையில் கிளம்புவதற்குச் சற்று முன் முடியும்படி வையுங்கள்.

5. விரைவு சார்ஜர் பயணத்துக்கு மட்டும். நான்கு வழிச்சாலையில் போகும்போது வேறு வழியில்லை, பயன்படுத்தத்தான் வேண்டும். 80 சதவீதம் தாண்டியதும் வேகம் எப்படியும் குறைந்துவிடும்; அங்கே காத்திருப்பதில் நேரமும் வீண், பேட்டரிக்குச் சூடும் ஏறும்.

6. பிளக்கும் எர்த்தும். இதைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இது பேட்டரியைவிட உங்கள் வீட்டாரின் உயிரைப் பற்றியது. மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் சிறிது நேரம்தான் மின்சாரம் இழுக்கும். கார் ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய சாக்கெட்டில் அதைப் போட்டால் பிளக் இளகிக் கருகும். காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., தரமான இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

நம் ஊரில் எர்த்துக்குத் தனிக் கவனம் தேவை. செம்மண்ணும் கல்லுமான பூமி. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. காய்ந்த மண்ணில் எர்த் குழி பெயருக்குத்தான் இருக்கும். நிறைய கார்கள் எர்த் சரியில்லை என்றால் சார்ஜ் ஏற மறுத்துவிடும். உடனே எர்த் ஒயரை நியூட்ரலோடு முறுக்கிவிடும் வேலையைச் சிலர் செய்கிறார்கள். அது காரை ஏமாற்றுவது மட்டுமல்ல, ஏதாவது கோளாறு வந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் பாயும். ஒருபோதும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். கரியும் உப்பும் போட்டுக் குழியைப் புதுப்பித்து, கோடையில் வாரம் ஓரிரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் மின்தடையை அளந்து பாருங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி.

7. ஆடிக் காற்றைக் கணக்கில் எடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றுதான் முப்பந்தலிலும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அது எதிரே வீசும்போது நீங்கள் 60-ல் போனால், காருக்கு அது 90-ல் போவதற்குச் சமம். காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். வள்ளியூரிலிருந்து காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் பக்கம் போகும்போது சார்ஜ் வழக்கத்தைவிட விரைவாக இறங்குவது இதனால்தான். ஆனி, ஆடியில் மேற்கே கிளம்பும்போது கூடுதலாக 15, 20 சதவீதம் கையிருப்பு வைத்துக்கொண்டு, வேகத்தை 70-க்குள் பிடியுங்கள். அடிக்கடி பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்புவது பேட்டரிக்கு நல்லதல்ல.

8. வெளியூர் போகிறவர்களுக்கு. மும்பையிலோ வளைகுடாவிலோ வேலை, கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் ஊர் என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். மாதக்கணக்கில் நிற்கப்போகும் காரை 50 சதவீதத்தில், நிழலில் விட்டுப் போங்கள். நிறைத்தும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ அத்தானிடமோ சாவியைக் கொடுத்து மாதம் ஒருமுறை கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே இறங்கினால் மறுபடி 50-க்கு ஏற்றினால் போதும். பெரிய பேட்டரி நன்றாக இருந்தும் சிறிய 12 வோல்ட் பேட்டரி செத்துப் போய்க் கார் திறக்காமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதைக் கழற்றி வைக்கலாமா என்று கையேடு சொல்லும்.

9. அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். பேட்டரி காரின் வயிற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. கல்குவாரி லாரிகள் ஓடிப் பள்ளமான சாலையிலும், வர்ணம் பூசாத வேகத்தடைகளிலும் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பலமாக இடித்த சத்தம் கேட்டால் சர்வீஸுக்குப் போகும்போது லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. உப்புக் காற்றும் வெள்ளமும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் சார்ஜ் வாயின் மூடி இறுக மூடுகிறதா, முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வெள்ளத்தில் முங்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவோ, சார்ஜ் போடவோ கூடாது. வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, சர்வீஸ் நிலையத்துக்குச் சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் படாத வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

11. டயர் காற்றை மாதம் இருமுறை பாருங்கள். பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கார் தானே மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்க விடுங்கள்.

12. ஆண்டுதோறும் சர்வீஸின்போது பேட்டரியின் உடல்நிலைச் சதவீதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆயிரக்கணக்கான கார்களின் தரவைப் பார்த்த கனடாவின் ஜியோடேப் நிறுவனம், சராசரியாக ஆண்டுக்கு 1.8 சதவீதம் திறன் குறைவதாக 2024-ல் சொன்னது. சூடு மிகுந்த இடங்களில் இது கூடும். ஒரே ஆண்டில் ஐந்தாறு சதவீதம் விழுந்தால் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தாயிற்று. இனி இந்தப் பக்கத்தில் பழைய மின்சார கார்களும் கைமாறும். விற்கப் போனால் நல்ல விலை பேச இந்தச் சீட்டுகள் உதவும். வாங்கப் போனால் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சீட்டைக் கேளுங்கள், கார் இத்தனை நாள் வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா என்றும் கேளுங்கள்.