ஒளித்தட்டின் உறையில் காணும் குறிகள்

வீட்டில் திரைப்படம் காண்பதற்குரிய ஒளித்தட்டு ஒன்றின் உறையைத் திருப்பிப் பார்ப்போமாயின், அடிப்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் 2.35:1, 16:9, 5.1, பால், பிரதேசம் 5 என்றவாறு சில குறிகள் அச்சிடப்பட்டிருத்தலைக் காணலாம். வாங்குவோருட் பலர் இவற்றை வாணிகச் சின்னங்களென எண்ணி விடுத்துவிடுகின்றனர். தட்டில் உள்ளது முழுப் படமா, ஓரம் வெட்டிய படமா, அது நம் கருவியில் ஓடுமா என்பனவற்றை முன்கூட்டியே உரைப்பவை இக்குறிகளேயாம். இன்று தட்டுக்களின் விற்பனை குறைந்து இணைய வழிப் படங்கள் பெருகியுள்ளன. ஆயினும் இச்சொற்களுட் பெரும்பாலன அங்கும் வழங்கி வருகின்றன.

முதற்கண் படத்தின் வடிவத்தை நோக்குவோம். 2.35:1 என்பது, உயரம் ஒரு பங்காயின் அகலம் 2.35 பங்கு எனப் பொருள்படும். பழைய டெலிவிஷன் பெட்டியின் திரை 4:3, அதாவது உயரத்தைப் போல் 1.33 மடங்கு அகலமுடையது. இன்றைய அகலத்திரை 16:9, அதாவது 1.78 மடங்கு. சினிமாஸ்கோப் படமோ இவ்விரண்டினும் அகன்றது. நம் நாட்டில் அம்முறையில் முதலாவதாக எடுக்கப்பட்டது 1959-ல் வெளிவந்த ‘காகஸ் கே பூல்’ என்னும் ஹிந்திப் படம். தமிழில் முதலாவது 1973-ல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’.

அகன்ற படத்தை உருத்திரியாமல் குறுகிய திரையில் காட்டுதற்கு இரண்டே வழிகள் உள. படம் முழுவதையும் சுருக்கி, மேலும் கீழும் கரும்பட்டை விடுதல் ஒன்று. உயரத்தைத் திரைக்குச் சமமாக்கி, இடமும் வலமும் மிஞ்சுவதை வெட்டி எறிதல் மற்றொன்று. பின்னதன் விளைவைக் கணக்கிடுதல் எளிது. 1.33-ஐ 2.35-ஆல் வகுத்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கே திரையில் எஞ்சுகின்றது. 43 பங்கு நம் கண்ணிற்படுவதேயில்லை. இரு கோடியிலும் நின்று இருவர் உரையாடுவரேல், ஒருவரின் குரல் மட்டுமே வரும், ஆளைக் காணோம்! இத்தகைய தட்டின் உறையில் ‘முழுத்திரை’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரே பெருமையாக அச்சிடப்பட்டிருக்கும். முழுமையுற்றது திரையேயன்றிப் படமன்று. கரும்பட்டை படத்தின் ஒரு பகுதியை மறைக்கின்றதெனக் குறைகூறுவோர் இக்கட்டுரையாளரின் இல்லத்திலேயே உண்டு. பட்டையுள்ள இடத்தில் மறைக்கப்படுதற்கு ஏதும் இல்லை என்பதை அவர்களுக்கு விளக்குதல் எளிதாயில்லை.

உறையில் 16:9 என்றிருத்தலின் பயனும் இங்கேதான் விளங்கும். நம் நாட்டு முறையிலமைந்த டி.வி.டி. தட்டில் படத்திற்கென 576 வரிகளே உள. கரும்பட்டையையும் சேர்த்து 4:3 வடிவிற் பதித்தால், சினிமாஸ்கோப் படத்திற்கு 326 வரிகளே கிட்டும். எஞ்சியவை வெறும் கருமைக்குச் செலவாகும். படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி 16:9 முறையிற் பதித்து, காட்டும்போது விரித்துக்கொண்டால் ஏறத்தாழ 436 வரிகள் கிட்டும். ஒரே படம், ஒரே அளவான தட்டு. எனினும் தெளிவில் இத்துணை வேற்றுமை.

பால் என்பது (அருந்தும் பால் அன்று) டெலிவிஷன் முறை ஒன்றன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். இதில் 625 வரிகள், வினாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையில் 525 வரிகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். திரைப்படச் சுருளோ வினாடிக்கு 24 படங்களாக ஓடுவது. பால் தட்டுக்களில் பெரும்பாலும் அதனை 25 ஆகவே ஓட்டிவிடுகின்றனர். எனவே, அரங்கில் 150 நிமிடம் ஓடிய படம் தட்டில் 144 நிமிடத்தில் முடிந்தால், ஆறு நிமிடக் காட்சியை வெட்டிவிட்டனரென ஐயுற வேண்டுவதில்லை.

2006-ல் வந்த புளூ ரே தட்டில் 1080 வரிகள் உள. அதன் பின்வந்த ‘4 கே’ என்னும் பெயர் சிறிது மயக்கந் தருவது. 1080 என்பது மேலிருந்து கீழ் எண்ணிய வரிகள். 4 கே என்பதோ இடமிருந்து வலம் எண்ணிய புள்ளிகள், அதாவது 3840. வரிகளை எண்ணினால் 2160, இரு மடங்கே. அளவுகோலை இவ்வாறு திருப்பிப் பிடித்தல் முறையாகத் தோன்றவில்லை.

இனி ஒலி. சுற்றொலி, சூழொலி என்னும் இரண்டனுள் பின்னதே நன்றெனத் தோன்றுகின்றது. ஒலி சுழல்வதில்லை, கேட்பவரைச் சூழ்கின்றது. 5.1 என்பதிலுள்ள ஐந்து, முன்புறம் இடம், நடு, வலம் என மூன்றும், செவிக்குப் பக்கவாட்டில் அல்லது பின்னே இரண்டுமான தனித்தனி ஒலிவழிகளைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, இடிமுழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிக்கு மட்டும் உரியது. மற்றவை வினாடிக்கு 20,000 அதிர்வு வரை ஏந்த, இது 120 அளவில் நின்றுவிடுதலின் முழு ஒலிவழியாக எண்ணப்படுவதில்லை. 5.1.2 என மூன்றாம் எண் காணின், அது தலைக்கு மேலமையும் ஒலிபெருக்கிகளின் தொகை. ஒற்றை ஒலிவழியில் எடுக்கப்பட்ட பழைய படத்தின் உறையில் 5.1 என்றிருப்பின், அப்பிரிவினை பின்னாளிற் செய்யப்பட்டதென்றறிக. இசை ஆர்வலர் மூல ஒலியும் உடனுளதா என்று பார்த்து வாங்குவது நலம்.

பிரதேச எண் விற்பனை உரிமை பற்றியது. படத்தின் தரத்தோடு தொடர்பற்றது. டி.வி.டி. தட்டில் இந்தியாவிற்கு 5, அமெரிக்காவிற்கு 1. புளூ ரேயில் இந்தியா ‘சி’, அமெரிக்கா ‘ஏ’. எண் பொருந்தாவிடின் கருவி தட்டை ஏற்க மறுக்கும். குறை தட்டிலும் இல்லை, கருவியிலும் இல்லை. 2016-ல் வெளிவந்த 4 கே புளூ ரே தட்டுக்களுக்கு இத்தடை இல்லை.