ஒரு சொல் அறிவோம்: 'வீக்'



"உடம்பு வீக்கா இருக்கு", "பையன் கணக்குல வீக்", "பேட்டரி வீக்". நம் ஜவ்வாது மலையில் இங்கிலீஷ் படிக்காதவர்களும் சொல்கிற வார்த்தை இது. இதன் பொருளை இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

எங்கிருந்து வந்தது?
வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'வெய்க்ர்' என்று ஒரு சொல் உண்டு. வளைந்து கொடுப்பது என்று அர்த்தம். சுமார் 700 வருடங்களுக்கு முன் அது ஆங்கிலத்தில் 'வீக்' என்று நிலைத்தது. பின்னிய கூடைக்குச் சொல்லும் 'விக்கர்' என்ற சொல்லும் அதே வேர்தான். நாம் மூங்கிலைப் பிளந்து கூடை முடைகிறோமே, வளையாத சிம்பில் முடைய முடியுமா? வளைவது ஆரம்பத்தில் குறையே இல்லை. பிறகுதான் பலம் இல்லாதது என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது.

உடம்பு வீக்
'வீக்' என்பது நோயின் பெயர் அல்ல. பல நேரங்களில் அதற்குப் பின்னால் இருப்பது இரத்தசோகை, அதாவது 'அனீமியா'. கிரேக்க மொழியில் 'அன்' என்றால் இல்லை, 'ஹைமா' என்றால் இரத்தம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இது இருந்தது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிகளுக்கு 11. அதனால் "வீக்" என்று டாக்டர் சொன்னால், "எத்தனை கிராம் இருக்குங்க?" என்று கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

காகிதத்தில் வீக்
அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவில் 'வீக்கர் செக்‌ஷன்ஸ்' என்று வருகிறது. தமிழில் 'நலிந்த பிரிவினர்' என்கிறோம். ரிசர்வ் வங்கி விதியில் பழங்குடியினரும், சிறு குறு விவசாயிகளும், சுய உதவிக் குழுக்களும் இதில் உண்டு. வணிக வங்கிகள் தம் கடன் கணக்கில் 100க்கு 12 ரூபாய் இவர்களுக்குத் தர வேண்டும் என்பது 2023-24 முதல் இலக்கு. ஆக, இந்தச் சொல் நம் திறமையை அளக்கவில்லை. நமக்குள்ள உரிமையைச் சொல்கிறது. வங்கியில் தலை குனிய வேண்டியதில்லை.

குழுவில் பேசுங்கள்
அடுத்த கூட்டத்தில் யாராவது "நான் வீக்" என்றால், "எதுல அக்கா?" என்று கேளுங்கள். இரத்தத்திலா? பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கணக்கிலா? தீர்மான நோட்டை அவர் கையில் கொடுத்து எழுதப் பழக்குங்கள். எதில் என்று தெரிந்தால் வழியும் தெரியும்.