பிள்ளையின் காலேஜும் கடையின் முதலும்



அரிசி மூட்டை எடுப்பதென்றால் நாம் நாலு இடத்தில் விலை கேட்கிறோம். லோரிக் கூலியையும் சேர்த்துப் பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். மகனையோ மகளையோ காலேஜில் சேர்க்கும் விஷயத்தில் மட்டும், எஸ்.பி.எம். முடிவு வந்த அடுத்த வாரமே, முதல் பருவத்துக் கட்டணத்தை மாத்திரம் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கடன் பிறப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்தது இது. மூத்த பையன் தனியார் காலேஜில் சேர்ந்தான். முதல் வருஷக் கட்டணத்தைக் கடை முதலிலிருந்து எடுத்தார்கள். சரக்குக் குறைந்தது. வாடிக்கைக்காரர்கள் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார்கள். மூன்றாம் தடவை எதிர்க்கடைக்குப் போனார்கள். இரண்டாம் வருஷம் வீட்டு நகை அடகுக்குப் போயிற்று. மூன்றாம் வருஷம் மொத்த வியாபாரியிடம் பாக்கி நின்றது. பையன் பட்டம் வாங்கினான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவனைவிட நன்றாகப் படித்த தங்கையின் முறை வந்தபோது வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆகையால் முதலில் முழு விலையை விசாரிக்க வேண்டும். எத்தனை பருவம், பரீட்சைக் கட்டணம் எவ்வளவு, அறை வாடகை, சாப்பாடு, பஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதிப் பாருங்கள். அடுத்து, அதே படிப்பு அரசாங்க இடத்தில் என்ன விலை என்று கேளுங்கள். ஆறாம் படிவத்தை அரசாங்கப் பள்ளியிலேயே ஒன்றரை வருஷத்தில் முடித்து, எஸ்.டி.பி.எம். சான்றிதழோடு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரசாங்கப் போலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் பருவத்துக்கு 200 வெள்ளி. ஆறு பருவ டிப்ளோமாவுக்கு 1,200 வெள்ளிதான் ஆகிறது. சில தனியார் இடங்களில் அந்தத் தொகை முன்பணத்துக்கே போதாது. 'போலிடெக்னிக்கா?' என்று கல்யாண வீட்டில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் நம் பாக்கியைக் கட்ட வரப்போவதில்லை. அரசாங்க இடங்களுக்கு யூ.பி.யூ. வழியாக விண்ணப்பம் போடும் தவணையைத் தவறவிட்டால்தான் தனியார் வாசல் ஒன்றே திறந்திருப்பதுபோலத் தோன்றும். ஆதலால் அந்தத் தேதியைக் கடை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இனிச் சேமிப்பு. கல்லாவிலிருந்து தினம் 5 வெள்ளி தனியே எடுத்து வைத்தால் மாதம் 150, வருஷம் 1,800. பிள்ளை பிறந்த நாள்முதல் 17 வயதுவரை 30,600 வெள்ளி. முதலாம் படிவத்தில் தொடங்கினாலும் ஐந்து வருஷத்தில் 9,000 வெள்ளி சேரும். போலிடெக்னிக் பிள்ளைக்குக் கட்டணம் போக அறை வாடகைக்கும் அது கைகொடுக்கும். கல்லாவில் கிடக்கும் பணம் சரக்காக மாறிவிடும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. 2004 முதல் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் ஒரு வருஷத்தில் போட்ட தொகையிலிருந்து எடுத்த தொகையைக் கழித்து, மீதிக்குத் தற்போது 8,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு உண்டு. இ.பி.எப். பணத்தையும் படிப்புக்கு எடுக்க வழியிருக்கிறது. ஆனால் அது முதுமைக்கால அரிசி. கடைசியாகத் தொட வேண்டியது.

கடைக்காரர்களாகிய நமக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. உபகாரச் சம்பளம் கேட்டாலும், மாநில ஸகாத் அலுவலகத்தில் மாணவர் உதவி கேட்டாலும், குடும்ப வருமானத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். சம்பளக்காரர் சம்பளச் சீட்டை நீட்டுவார். நாமோ வீட்டு மீனையும் கடை வாடகையையும் ஒரே பெட்டியிலிருந்து கொடுத்துவிட்டு, விற்பனையா லாபமா என்று தெரியாமல் விழிக்கிறோம். வங்கிக் கணக்கில் விற்றுமுதல் முழுதும் ஓடுவதைப் பார்ப்பவர் நம்மைப் பணக்காரர் என்று நினைத்தால் அது அவர் குற்றமா? கடைக்கொரு கணக்கு, வீட்டுக்கொரு கணக்கு என்று பிரித்து, மாதாமாதம் நமக்கு நாமே ஒரு சம்பளம் எழுதிக்கொள்ள வேண்டும். வருமான வரிப் பாரத்தை ஒழுங்காகக் கொடுத்து அதன் நகலை வைத்திருக்க வேண்டும். ஸகாத் கொடுத்துப் பழகிய கைக்கு வாங்கக் கூசும். ஆயினும் உண்மையாகவே நொடித்துப்போன வருஷத்தில், தகுதியுள்ள பிள்ளை விண்ணப்பிப்பதை அத்தாவின் கௌரவம் தடுக்கலாகாது.

இத்தனைக்கும் பிறகு குறை விழுந்தால் பலரும் போவது பி.டி.பி.டி.என். கடனுக்கு. 1997-ல் தோன்றிய அந்த நிதி, இப்போது வருஷத்துக்கு 1 சதவிகிதம் சேவைக் கூலி என்று உஜ்ரா முறையில் வாங்குகிறது. மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களைச் சேர்ந்தது. மதரஸாவில் நாம் ஓதியது அதற்குப் போதாது. வியாபாரியாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. கிடைக்கும் தொகை முழுவதையும் வாங்க வேண்டியதில்லை, குறையும் தொகையை மட்டும் வாங்கலாம். அந்தக் கடன் பிள்ளையின் பெயரில் நிற்கும். ஆகவே எத்தனை வருஷம், மாதம் எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பிள்ளையையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமாவோ சாச்சாவோ வட்டியில்லாமல் தரும் அழகிய கடனும் கடன்தான். கடனைத் தவணை குறித்து எழுதிவைக்கும்படி சூரத்துல் பகராவில் கட்டளை வந்திருக்க, உறவு என்ற கூச்சத்தில் நாம் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம். தொகை, தேதி, திருப்பும் தவணை, சாட்சிகள் இருவர். இவற்றை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டால், பையன் பட்டம் வாங்கும் நாளில் மாமாவும் மனம் நிறைந்து விருந்துக்கு வருவார்.