விஸ்பி நகர விழாவும் துணி வெட்டும் முறையும்

பால்டிக் கடலின் நடுவே, சுவீடன் நாட்டைச் சேர்ந்த காட்லாந்து என்னும் தீவு உள்ளது. அதன் தலைமை நகர் விஸ்பி. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள பழைய கல்மதில் இன்றும் அந்நகரைச் சூழ்ந்து நிற்கிறது. அங்கு 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இடைக்கால வாரம்’ என்னும் விழா ஆகஸ்டுத் திங்களில் நடைபெற்று வருகிறது. விழாவுக்கு வருவோருள் மிகப் பலர், ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்திய உடையைத் தம் கையாலேயே தைத்து அணிந்து வருகின்றனர். அவ்வுடையைப் பற்றியே அங்கத்தினர்களுக்கு ஈண்டு எழுதப் புகுகிறோம். தறியின் அகலத்துக்கும் தையற்காரரின் கத்தரிக்கும் உள்ள உறவை இதைப்போல் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதில்லை.

விழா நினைவூட்டும் நிகழ்ச்சி இன்பமானதன்று. 1361ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமாரின் படை, தீவின் உழவர் படையை விஸ்பி மதிலுக்கு வெளியே வெட்டிச் சாய்த்தது. பின்னர் நகரத்தார் பணிந்தனர். பிற்காலத்தில் அகழ்ந்த கூட்டுப் புதைகுழிகளில் இளஞ்சிறுவர், முதியோர், உடற்குறை உடையோர் ஆகியோரின் எலும்புகளும் கிடைத்தன. மதிலுக்குள் செல்வாக்குடன் இருந்தவர்களோ ஹான்சா என்னும் வணிகக் கூட்டைச் சேர்ந்தவர்கள். கூட்டு என்ற பெயரால் மட்டும் ஓர் அமைப்பு கூட்டுறவு ஆகிவிடாது என்பதை இடையே சொல்லி வைக்கிறோம்.

அக்காலத்து உடையின் அமைப்பை இன்று தைப்போர் எங்ஙனம் அறிகின்றனர்? ஓவியமும் சிற்பமும் ஓரளவே உதவும். தையல் எவ்வழி ஓடியது என்பதை அவை காட்டமாட்டா. மெய்யான ஆடைகளே வேண்டும். 1921இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் நோர்லுண்ட், கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஸ்நெஸ் என்னும் இடத்துப் பழைய இடுகாட்டை அகழ்ந்தார். இறந்தோரைச் சுற்றிப் புதைத்த கம்பளி அங்கிகளும் முக்காடுகளும் குளிர்ந்த மண்ணில் அழியாமல் கிடைத்தன. 1936இல் சுவீடனின் வார்பெர்க் நகருக்கு அருகே, போக்ஸ்டென் சதுப்பு நிலத்தில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒருவனின் உடல் அங்கி, போர்வை, முக்காடு ஆகியவற்றுடன் அகப்பட்டது. கிடைத்த துணி யாவும் கம்பளி. உள்ளே லினன் சட்டை அணிந்திருப்பினும் அது எஞ்சியிராது. சதுப்பு நீரின் புளிப்பு, விலங்கின் மயிரைக் காக்கும். தாவர நாரைத் தின்றுவிடும்.

இவ்வாடைகளில் வளைவான வெட்டு குறைவு. நேர்த்துண்டுகளும் முக்கோணத் துண்டுகளுமே மிகுதி. துணி நெய்ய எத்தனை பேர் நூல் நூற்க வேண்டும் என்பதை அறிந்த மக்கள், ஒரு சாண் துணியையும் வீணாக்க விரும்பவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தறியில் இறங்கும் துணியின் அகலம் 60 சென்டிமீட்டர் என்க. அதில் 70 சென்டிமீட்டர் நீளம் வெட்டிக்கொள்க. மேல் விளிம்பின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் கோடு இழுத்து வெட்டுக. நடுவில் 60 சென்டிமீட்டர் அடியுள்ள முழு முக்கோணம் ஒன்று கிடைக்கும். இரு புறமும் 30 சென்டிமீட்டர் அடியுள்ள பாதி முக்கோணங்கள் இரண்டு எஞ்சும். அவற்றைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் இரண்டாவது முக்கோணம் ஆயிற்று. கரை ஆதலின் நூல் பிரியாது. கழிவு ஒன்றுமில்லை. முன்துண்டிலும் பின்துண்டிலும் கீழிருந்து இடுப்பு வரை பிளந்து, பிளவுக்கு ஒன்றாக இவ்விரண்டையும் பொருத்தினால், 120 சென்டிமீட்டராக இருந்த கீழ்ச்சுற்று, தையலுக்குப் போவது நீங்கலாக, 240 ஆகிறது. அணிந்தவர் தாராளமாகக் கால் வீசி நடக்கலாம்.

இதில் கடினமான இடம் ஒன்று உண்டு. முக்கோணத்தின் உச்சி பிளவின் முனையில் சேருமிடத்தில் சுருக்கம் விழும். அங்கே எந்திரத்தை நம்பாமல் கைத்தையல் போடுவதே நன்று. மேலும், சாய்வாக வெட்டிய ஓரம் தன் எடையால் நீளும் இயல்புடையது. ஆகையால் ஆடையை ஓரிரவு தொங்கவிட்டு, அதன் பின்னரே கீழ் ஓரத்தைச் சமப்படுத்தி மடித்துத் தைக்க வேண்டும்.

சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் ‘துண்டுத் துணி’ என்று எழுதி, அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிடும் தொகையை நாம் தணிக்கைதோறும் காண்கிறோம். தைத்த ஆடை விற்கும் சங்கங்களில் அத்தொகை சிறிதன்று. அகலம் குறைந்த தறிகளால் இலாபமில்லை என்று கூறி, அவற்றை நம்பிய முதிய நெசவாளரை வேலையின்றி உட்கார வைக்கும் நிர்வாகக் குழுக்களும் உள்ளன. அம்முடிவு அவசரமானது என்பது நம் கருத்து. துணியை எப்படி வெட்டப் போகிறோம் என்று தீர்மானிக்குமுன் தறியின் மேல் குற்றம் சுமத்துவது முறையாகாது.

நம் பருத்தித் துணியை அவ்விழாவுக்கு அனுப்பலாமே என்று சிலர் எண்ணக்கூடும். வட ஐரோப்பாவின் எளிய மக்கள் அன்று உடுத்தியவை கம்பளியும் லினனுமே. இத்தாலியிலும் தென் ஜெர்மனியிலும் லினன் பாவில் பருத்தி ஊடை ஓட்டி நெய்ததுண்டு, அவ்வளவே. தாமே தைத்து உடுத்துபவர் நாரை அறிந்தவர். அவரிடம் பொய்ப் பெயரிட்டு விற்பது ஒரு முறைதான் பலிக்கும்.

பயிரிடுவோருக்கும் ஒரு சொல். அவர்களின் சிவப்புக்கு ஆதாரமான மேடர் வேரும், நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் மஞ்சிட்டியும் ஓரினத்தவை. சோழமண்டலக் கரையின் சாயவேரும் அக்குடும்பமே. படிகாரம் இட்டே அவர்களும் சாயத்தை நிலைக்கச் செய்தனர். அவர்களின் வோட் இலை தரும் நீலம் நம் அவுரியின் நீலமே. இலையில் அதன் அளவுதான் குறைவு.

தையல் அறிந்த அங்கத்தினர்கள் மேற்கூறிய வெட்டை முதலில் பழைய செய்தித்தாளில் செய்து பார்க்கலாம். 60 சென்டிமீட்டருக்குப் பதிலாகத் தத்தம் தறியின் அகலத்தை வைத்துக்கொள்க. காகிதத்தில் சரியாக வந்தபின் துணியில் கத்தரி வைக்கலாம்.