புல்வெளியில் மரம் ஏன் வளரவில்லை?



பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், தை மாத விடியற்காலையில் ஆற்றங்கரைப் பக்கம் சென்று பாருங்கள். திறந்தவெளிப் புல் பனியில் நனைந்திருக்கும். பக்கத்துப் புளியமரத்தடியில் உள்ள புல்லிலோ பனித்துளி மிகக் குறைவு. காரணம் என்ன?

பகலில் பெற்ற வெப்பத்தைத் தரையும் புல்லும் இரவில் கதிர்வீச்சாக வெளிவிடுகின்றன. மேகமற்ற வானிலிருந்து திரும்பி வருவது அதைவிடக் குறைவு. ஆகவே புல் விரைவில் குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி அதன்மேல் துளியாகப் படிகிறது. மரத்தடியில் இலைக்கூரையும் கீழ்நோக்கி வெப்பத்தை வீசுவதால் இழப்பு குறைகிறது.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, நீலகிரியிலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவிற்குச் செல்வோம். இது 1990-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். முக்கூர்த்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கணக்கிட்டுப் பாருங்கள்: கடலோரத்தைவிடச் சிகரத்தில் 16 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி!

அங்கே மலைச்சரிவெங்கும் புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் அடர்ந்த, குட்டையான சோலைக்காடு. மழைக்குப் பஞ்சமில்லை. பின் ஏன் சோலை மரங்கள் புல்வெளியில் பரவவில்லை? தெளிந்த குளிர்கால இரவுகளில் புல்வெளியின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்குகிறது. திருமுக்கூடலில் துளியாகப் படியும் பனி, இங்கே உறைபனியாகிறது. புல் அதைத் தாங்கும். சோலை மரக்கன்றுகள் பெரும்பாலும் கருகிவிடும். சோலைக்குள் இலைக்கூரையின் காப்பில் அவை பிழைக்கின்றன. புல்வெளித் தீயும் மரங்களைத் தடுக்கும் மற்றொரு காரணம்.

இந்தப் புல்லை நம்பி வாழ்கிறது நம் மாநில விலங்கான வரையாடு. திறந்த சரிவில் மேயும். ஆபத்து வந்தால் செங்குத்துப் பாறைகளில் தாவி ஏறித் தப்பும். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளே இருந்தன.

ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரங்களின் கன்றுகள், சோலைக் கன்றுகளைவிட உறைபனியை நன்கு தாங்குகின்றன. எனவே அவை புல்வெளியில் பரவி வரையாட்டின் மேய்ச்சல் நிலத்தைச் சுருக்குகின்றன. உலக வெப்பநிலை உயர்ந்து உறைபனி குறைந்தால் இந்தப் பரவல் இன்னும் எளிதாகும்.

மரம் நடுவது நல்ல செயல்தான். ஆனால் எந்த இடத்தில், எந்த மரம் என்று கேட்ட பிறகே நட வேண்டும். புல்வெளி வெற்று நிலம் அன்று. அதுவும் ஒரு முழுமையான இயற்கை வாழிடமே.

செய்து பாருங்கள்: மேகமற்ற இரவில் ஒரு தட்டைத் திறந்தவெளியிலும், மற்றொன்றை மரத்தடியிலும் வையுங்கள். காலையில் எதில் பனி அதிகம்? மேகமுள்ள இரவில் என்ன ஆகிறது? குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.