இன்டர்வியூவுக்கு என்ன உடுத்தலாம்?

நாளை இன்டர்வியூ என்றால், இன்றிரவே உடையை இஸ்திரி போட்டு மாட்டிவிடுங்கள். இதற்காகக் கடன் வாங்கிப் புதுத்துணி எடுக்க வேண்டியதில்லை. சுத்தமாக, அளவாக இருக்கும் பழைய சட்டையே போதும்.

1. சட்டை வெள்ளையோ கருநீலமோ இருக்கட்டும். சாம்பல் நிறத்தில் அக்குள் வியர்வை திட்டுத்திட்டாகத் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் அந்த நிறத்தைத் தொடவே வேண்டாம்.

2. புதுச்சட்டை என்றால் ஒருமுறை அலசி இஸ்திரி போடுங்கள். அப்போதுதான் அட்டை மடிப்புத் தடம் போகும்.

3. சாக்ஸ் பேன்ட் நிறத்தில், உயரமாக இருக்கட்டும். உட்கார்ந்ததும் பேன்ட் மேலேறும்.

4. புடவை என்றால், கட்டிப் பழகியதையே கட்டுங்கள். புதுக் காட்டன் மொடமொடப்பில் கொசுவம் உப்பிக்கொண்டு நிற்கும். முந்தானையை மடிப்பெடுத்துத் தோளில் பின் குத்துங்கள். ஃபைலை நீட்டும்போது சரியாது. துப்பட்டாவுக்கும் இதேதான்.

5. வீடியோ இன்டர்வியூவில் பொடிக்கட்டம், மெல்லிய கோடு தவிருங்கள். கேமராவில் அலையலையாக மினுங்கும்.

6. கண்ணாடி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே துணி விரிவது நிற்கும்போது தெரியாது.